நடுவில் தொங்கிய டயர்

முள் உள்பக்கத்திலிருந்து குத்தியது. தப்பு இன்னாசிமுத்துவுடையதுதான். சைக்கிள் கடை ஜெபராஜ் பழைய டயரைச் சக்கரத்திலிருந்து உருவி, இந்தாங்க அண்ணாச்சி உங்க பொக்கிஷம் என்று மடியில் போட்டபோது சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதை விரித்து, உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே ஒடிந்து ரப்பரோடு ரப்பராகத் தேய்ந்துபோன உடைமுள், உள்ளே மட்டும் ஊசி போல நின்றிருக்கிறது. விரலை எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புள்ளி வந்தது. புள்ளி திரண்டு, கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, மணிக்கட்டை நோக்கி ஓடியது. வேறு யாருக்காவது என்றால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறந்துவிடுகிற காயம். இன்னாசிமுத்து கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை, லேஞ்சியை, எடுத்து விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், அந்த மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஜெபராஜ் பார்த்துவிடக் கூடாது என்று கையை டயருக்கு அடியில் வைத்தார். பார்த்தால் பஞ்சு தேடுவான், டெட்டால் தேடுவான், பக்கத்து மெடிக்கலுக்கு ஓடுவான், சாயங்காலத்துக்குள் சைக்கிள் குழுவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அங்கிருந்து மதுரையில் இருக்கிற மகள் பிரின்சிக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும். அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. மூலையில் கம்ப்ரசர் முனகிவிட்டு அடங்கியது. ஜெபராஜ் வெளியே போய் எதிர்க்கடையில் விசாரித்துவிட்டு வந்து, இன்னைக்கு ஷட்டவுன் அண்ணாச்சி, நானே மறந்துட்டேன், மதியத்துக்குள்ள வந்துரும், நீங்க அதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணி வைங்க என்று சொல்லிவிட்டு வேறொரு சைக்கிளின் பிரேக்கைப் பிரிக்க உட்கார்ந்தான்.

எது என்பதுதான் கேள்வி. சுவரில் மூன்று கொக்கிகள், மூன்று ஜோடி டயர்கள். இடது கொக்கியில் தொங்குவது வழவழப்பு, மேலே மெல்லிய கோடுகள் மட்டும், தார் ரோட்டில் எண்ணெய் விட்டது போல ஓடும், மணலில் இறங்கினால் உட்கார்ந்துவிடும். வலது கொக்கியில் பட்டன் டயர், தடிமன், மேலெல்லாம் எழும்பி நிற்கிற ரப்பர்க் கட்டைகள், மண்ணைக் கடித்துப் பிடிக்கும், தார் ரோட்டில் வண்டு மாதிரி இரைந்துகொண்டே வரும், காலையும் பிடித்து இழுக்கும். நடுவில் தொங்குவதற்கு எல்லாத் தரையும் என்று பெயர். நடுமுதுகில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பெரிய கட்டைகள். நேராகப் போனால் தார் ரோட்டு டயர், வளைந்து சாய்ந்தால் மண் ரோட்டு டயர். மூன்றுமே டியூப் இல்லாதவை. உள்ளே ஓட்டையை அடைக்கிற பால் போன்ற சீலன்ட்டை ஊற்றி, டயரின் ஓரம் சக்கர விளிம்பில் போய்ப் பிடிக்கும்படி ஒரே மூச்சில் காற்றை அடிக்க வேண்டும், கைப்பம்புக்கு அந்த மூச்சு வராது, அதனால்தான் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஜெபராஜ் மூன்றையும் பற்றி ஒரே மாதிரி நல்லதாகச் சொன்னான். வியாபாரி வேறு எப்படிச் சொல்வான். குழுவை நடத்துகிற கோமதிநாயகம் சார் மட்டும் கைபேசியில் வீடியோவாக அனுப்பித் தள்ளியிருக்கிறார், வெள்ளைக்காரன் ஒருவன் மலைச்சரிவில் டயரை முகர்ந்து பார்க்காத குறையாகப் பேசுகிறான். கோமதி சார் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், டயருக்கும் மண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று படம் போட்டே விளக்குவார். அதைப் பற்றிக் கேட்டால் ஜெபராஜ் சிரிப்பான். அந்தாளு இந்த வருஷத்துல மூணு செட்டு மாத்திட்டாரு அண்ணாச்சி, இன்னும் மேடு வந்தா எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் வாராரு என்று போன வாரம் அவர் எதிரிலேயே சொன்னான். அவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை தேரிக்குப் போகிறார்கள். திருச்செந்தூர் ரோட்டில் போய், மேற்கே திரும்பி, செம்மண் மேடுகளுக்குள் இறங்கி, பனைகளுக்கும் முந்திரிகளுக்கும் நடுவே ஓடி, குதிரைமொழிப் பக்கமாக வெளியே வருகிற வழி. அண்ணாச்சி வாரீங்கல்லா என்று கோமதி சார் கேட்டிருந்தார். டயர் மாத்திட்டுச் சொல்லுதேன் என்று இவர் பதில் போட்டிருந்தார். அதற்கு அர்த்தம், டயர்தான் சொல்லும் என்பது. இடது கொக்கி என்றால் தேரி கிடையாது, இந்த ஞாயிறு மட்டுமல்ல, இனிமேலும் கிடையாது, ஏனென்றால் ஒரு செட் டயர் தேய அவருக்கு வருஷங்கள் ஆகும், அது தேய்கிற காலத்தில் அவருக்கு எழுபது தாண்டியிருக்கும்.

விரலை லேசாகத் தளர்த்திப் பார்த்தார். சிவப்பு மறுபடி ஊறியது. இறுக்கிக்கொண்டார். அழுத்திப் பிடித்தால் நிற்கும், பார்க்கப் பார்க்க நிற்காது, பேச்சித்தாய் அப்படித்தான் சொன்னாள், தொறந்து தொறந்து பாக்காதீக, அது என்ன அடுப்புல வச்ச சோறா. முத்தையாபுரத்துக்குக் கிழக்கே உப்பளத்து வரப்பில் முன்சக்கரம் வழுக்கி அவர் விழுந்த அன்று, வாரிக்கொண்டிருந்த உப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவள். முழங்கைதான். சதை கொஞ்சம் சிராய்ந்திருந்தது, அவ்வளவுதான், ஆனால் இரத்தம் நிற்கவில்லை, வெள்ளையான தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்து அந்தந்த இடத்தில் உப்பு அதைக் குடித்தது. பேச்சித்தாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முழங்கையில் சுற்றி, தன் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உப்பு கொஞ்சம் வைக்கட்டா, எங்களுக்கு அதான் மருந்து என்றாள். வேண்டாம் என்று அவர் பதறியதைப் பார்த்துச் சிரித்தாள். வயதைக் கேட்டாள், சொன்னார். வேலையா, யாரும் அனுப்பிச்சாகளா என்றாள். இல்லை, சும்மாதான் ஓட்டுகிறேன் என்றார். சும்மாவா என்று ஒரு முறை அந்த மெல்லிய சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“வீட்டுல உங்கள அதட்ட ஆளு இல்லியாக்கும்?”

மக இருக்கா என்றார். கேட்டது மகளை அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, துண்டைத் திருப்பித் தரவும் சொல்லவில்லை, அது இன்னும் துவைத்து மடித்து அவர் அலமாரியில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்க அந்த வரப்பில்தான் போக வேண்டும், அதுவும் தார் ரோடு இல்லை. அந்த வாரம் பிரின்சி வீடியோவில் பேசும்போது கட்டைப் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை, அவள் வங்கியில் வேலை செய்கிறவள், எதிரில் இருப்பவர் கோபப்பட்டாலும் தன் குரலை ஏற்றாமல் பேசிப் பழகியவள். சைக்கிளைச் சுற்றி வந்தாள். முன்சக்கரத்தைக் காலால் லேசாகத் தட்டினாள். அப்பா, ஓட்டாதீங்கன்னு நான் சொல்லல, டாக்டரே நல்லதுன்னுதான் சொல்லுதாரு, தார் ரோட்டுல ஓட்டுங்க, அவ்வளவுதான் கேக்கேன், எனக்கு இனி நீங்க ஒருத்தர்தான் என்றாள். சரிம்மா என்றார். கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். சரி என்பது அவருக்கு நாக்கில் வருகிற சொல் இல்லை, கையில் வருகிற சொல்.

துறைமுகத்து இழுவைப் படகில், டக் என்று சொல்வார்கள், அதன் இன்ஜின் அறையில் அவருக்கு வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. மேலே மாஸ்டர் பித்தளைக் கைப்பிடியைத் திருப்புவார், கீழே மணி அடிக்கும், முள் ஒன்று சுற்றி வந்து முழு வேகம், அரை வேகம், பின்னால், நிறுத்து என்று ஏதாவது ஓரிடத்தில் நிற்கும். இவர் தன் பக்கத்துக் கைப்பிடியை அதே இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதுதான் பதில். கேட்டது விளங்கியது, செய்கிறேன் என்பதற்கு அவ்வளவுதான். ஏன் என்று கேட்க அந்தக் கருவியில் இடம் கிடையாது. எவ்வளவு பெரிய கப்பலை இழுக்கிறோம், எந்தப் பக்கம் திருப்புகிறோம், கடல் எப்படி இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கிறதா கொண்டல் காற்று அடிக்கிறதா, எதையும் அவர் வேலை நேரத்தில் கண்டதில்லை. எண்ணெய் வாடையும், காதை அடைக்கிற இரைச்சலும், காலுக்குக் கீழே அதிர்கிற இரும்பும்தான் கடல். சாயங்காலம் ஏணியேறி மேலே வந்தால் கண் கூசும். வீட்டுக்கு வந்தால் மனைவி ரொசாலி இருப்பாள். கடைக்குப் போகலாம் என்பாள், சட்டைத்துணி எடுப்பாள், இந்தாருங்க, இது நல்லாயிருக்கும்லா என்பாள், அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கடைக்காரர் அதற்குள் கிழித்திருப்பார். குறை சொல்ல அதில் என்ன இருக்கிறது. அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போன பிறகுதான், கடைகளில் பொருட்கள் இவ்வளவு வகையாக இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரிந்தது. பற்பசை வாங்கப் போய் வாங்காமல் திரும்பிய நாள் உண்டு. இந்த சைக்கிளைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றலாகிப் போன ஒரு என்ஜினியர் விட்டுவிட்டுப் போனது, உயரம் சரியாக இருந்தது, எடுத்துக்கொண்டார், இந்த டயர்களும் அதோடு வந்தவை, இன்னொருவர் யோசித்துப் போட்டவை. இப்போது மடியில் தேய்ந்து கிடக்கின்றன.

கைபேசி அடித்தது. பிரின்சி என்று வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுக்க வலது கை வேண்டும், வலது கையின் கட்டைவிரலை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஒரு விரலிடம் மாட்டிக்கொண்டிருந்தன. அடித்து ஓய்ந்தது. எடுக்கட்டா அண்ணாச்சி என்று ஜெபராஜ் திரும்பாமலே கேட்டான். வேண்டாம்பா, அப்புறம் பேசிக்கலாம் என்றார். எடுத்திருந்தால் என்ன கேட்பாள். டயர் வாங்கப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னது தப்பு. எது வாங்குகிறீர்கள் என்பாள். அவளுக்குப் பெயர்கள் தெரியாது, ஆனால் வழவழப்பா முரடா என்று கேட்கத் தெரியும். நடுவில் உள்ளது என்று சொல்லலாம். எல்லாத் தரைக்கும் ஆகும், தார் ரோட்டுக்கும் ஆகும், பொய் இல்லை. அங்கேதான் அவருக்கு எங்கோ நெருடியது. நடுவில் உள்ளதை வாங்கினால் பிரின்சியிடம் தார் ரோட்டு டயர் என்று சொல்லிக்கொள்ளலாம், கோமதி சாரிடம் தேரி டயர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வாசலில் நின்றுகொண்டு காற்றைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம், முடிவு பண்ணாமல் திரும்பவும் படுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம், வேண்டும் என்றும் சொல்ல வேண்டாம். நல்ல டயர்தான். உண்மையிலேயே நல்ல டயர். இதில் அதனுடைய குற்றம் ஒன்றும் இல்லை.

லேஞ்சியின் முனையை வலது உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் டயரை மறுபடி விரித்தார், இம்முறை விரலை விடாமல் கண்ணால் மட்டும் பார்த்தார். ஊற்றிய சீலன்ட் எல்லாம் காய்ந்து, கிளை விட்டுப் புடைத்து, முயல்தீவுப் பக்கம் வலையில் ஏறி வருகிற பவழப் பூண்டு மாதிரி வெள்ளையாகத் திரண்டு ஒட்டியிருந்தது. அதற்கிடையில் அங்கங்கே கறுப்பாக முள் நுனிகள். ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, தள்ளி ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு கம்பித் துண்டு கூட. ஒவ்வொன்றின் காலடியிலும் அந்த வெள்ளைப் பால் வந்து சேர்ந்து உறைந்து அடைத்திருந்தது. எதுவும் அவருக்குத் தெரியாது. எந்த முள்ளும் அவரை நிறுத்தவில்லை. இந்தக் கம்பி எங்கே ஏறியிருக்கும், ஸ்பிக் நகர் தாண்டி லாரிகள் நிற்கிற இடத்திலா, இந்த முள் தேரியிலா, அப்போது தான் என்ன நினைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒருவேளை தாகத்தைப் பற்றி, ஒருவேளை ஒன்றும் நினைக்காமல். குத்தியதும் காற்று ஒரு நொடி சீறியிருக்கும். சக்கரம் சுற்றச் சுற்றப் பால் அங்கே ஓடி வந்திருக்கும். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது ஓடி வரும் என்று ஜெபராஜ் சொல்லியிருக்கிறான், மூலையில் நிறுத்தி வைத்த சைக்கிளில் எல்லாப் பாலும் அடியில் தேங்கிக் காய்ந்துவிடும், அப்புறம் ஒரு சின்ன முள் போதும். டயருக்கு உறைகிற பால் ஊற்றுகிறோம், எனக்கு உறையாத மாத்திரை கொடுக்கிறார்கள் என்று நினைத்தார், சிரிப்பு வந்தது, இதை யாரிடம் சொல்வது, ரொசாலியிடம் சொன்னால் சிரிக்க மாட்டாள், விரலைக் காட்டுங்க என்பாள். விரல் துடித்தது. லேஞ்சியில் நாலணா அளவுக்குச் சிவப்பு பரவியிருந்தது. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

தேரி. போன கார்த்திகையில் மழை பெய்து மணல் இறுகியிருந்தபோது கடைசியாகப் போனது. ரோட்டை விட்டு இறங்கிய உடனே சத்தம் மாறும், அதுதான் அவருக்கு முதலில் பிடித்தது. இன்ஜின் அறை அவருடைய காதில் பாதியைத் தின்றுவிட்டது, மெல்லிய சத்தங்கள் கேட்பதில்லை, ஆனால் அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, உள்ளங்கையில் கேட்கும். மண்ணைச் சக்கரம் அரைக்கிற சத்தம் கைப்பிடி வழியாக ஏறித் தோளுக்கு வரும். இறுகின இடம், இளகின இடம், இளகப்போகிற இடம், எல்லாவற்றையும் முன்சக்கரம் அவருக்கு முன்பே தொட்டுப் பார்த்துச் சொல்லும். சொன்ன பிறகு மணி அடிக்காது. அந்தப் பக்கம் போவதா இந்தப் பக்கம் போவதா என்று மேலிருந்து யாரும் திருப்ப மாட்டார்கள். முதல் தடவை அந்த மேட்டில் ஏறி நின்றபோது, சுற்றிலும் சிவப்பு, தூரத்தில் ஒரு கோடு மாதிரி நீலம், அதுதான் கடல் என்று கோமதி சார் காட்டினார். இன்னாசிமுத்துவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கடலில் வேலை பார்த்த ஆளுக்குக் கடலைக் கல்லூரி வாத்தியார் காட்டுகிறார். அவர் பார்த்துக்கொண்டே நின்றார், எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நின்றார், பிறகு தானாக ஒரு வழியைப் பிடித்து இறங்கினார், அது தப்பான வழி, முந்திரிக்குள் போய் முட்டியது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் தப்பு செய்ததில்லை. ஆனால் அங்கே விழுந்தால். அங்கே பேச்சித்தாய் கிடையாது. தலை அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளேயே ஒழுகும் என்று டாக்டர் சொன்னாரே, உள்ளே ஒழுகுவதை எந்தத் துண்டால் கட்டுவது. தலைக்கவசம் உண்டு, கூட ஆட்கள் உண்டு. இருந்தாலும். தார் ரோட்டில் விழுந்தால் மட்டும் என்ன, தார் ரோட்டில் லாரி உண்டு. இருந்தாலும். இப்படியே அது போய்க்கொண்டிருந்தது, இடது கொக்கிக்கும் வலது கொக்கிக்குமாக, ஒவ்வொரு தடவையும் கண் வந்து நடுவில் நின்றது.

நடுவில் உள்ளத எடுங்க. இது ரொசாலியின் குரல், அவர் அதைக் கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்தார், இப்போதுதான் அது யார் என்று கவனித்தார். மீன் கடையில் மூன்று கூறு போட்டிருந்தால் நடுக்கூறை எடுப்பாள். புடவையை மூன்றாகப் பிரித்துப் போட்டால் நடுவில் உள்ளது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நடு வரிசை. ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவளுக்குத் தெரியும் என்று நினைத்தார், மீன் தெரிந்தவள், துணி தெரிந்தவள், ஆளைப் பார்த்து எடை போடுபவள். ஒரே ஒரு தடவை கேட்டார். நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, டாக்டர் வெளியே வந்து, மதுரைக்குக் கொண்டுபோகிறீர்களா, இங்கேயே பார்க்கவா, அல்லது மருந்தைக் கொடுத்துவிட்டு நாளைவரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். மூன்று வழி. இங்கேயே இப்பவே பாருங்க என்று ரொசாலி பட்டென்று சொல்லிவிட்டாளாம், அந்த டாக்டரே பின்னாடி சொன்னார், உங்க வீட்டம்மா ரொம்பத் தெளிவு, நிறைய பேர் அங்கேதான் குழம்பி நேரத்தை விடுவார்கள் என்று. குழாய் வைத்தார்கள், பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மத்தியானம், கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொல்லி, ஒனக்கு எப்படித் தெரிஞ்சது என்று பெருமையாகக் கேட்டார். அவள் கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தவில்லை. எனக்கென்ன தெரியும் என்றாள். கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது, அந்தாளு என்னையே பாக்காரு.

“யாராவது ஒருத்தர் சொல்லணும்லா. நீங்களா எந்திரிச்சு வந்து சொல்லப் போறீக?”

அப்போது சிரித்தார். சிரித்துக் கஞ்சியைக் குடித்தார். இப்போது ஜெபராஜின் கடையில், காற்றில்லாமல் புழுங்கி, கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருக்க, அது அவருக்கு வேறுமாதிரி கேட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. மீன் கடையிலும் தெரிந்திருக்காது. மூன்று கூறுக்கு முன்னால் நின்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அங்கே அவர் நின்றிருப்பார், மணி அடித்தால் பதில் சொல்ல, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. கேட்டுப் பயனில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருப்பாள். நடு என்பது அவளுக்குக் கண்டுபிடிப்பு இல்லை, கேட்க ஆள் இல்லாததற்கு வைத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு. கெட்ட மீன் வந்த நாட்களும் இருந்தன, அவர்தான் மறந்துவிட்டார். அவள் அதையும் கழுவிப் புளியை அதிகமாக விட்டுக் குழம்பு வைத்தாள். இதை நினைத்தபோது அவருக்கு ஒரு கணக்கு நேரான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நடு டயரைப் பார்த்தார், அது சும்மா ஒரு டயராகத் தொங்கியது. உப்பளத்து வரப்பை நினைத்தார், பயத்தோடு அல்ல, இன்ஜினில் ஒரு பழுதை நினைக்கிற மாதிரி, எது முதலில் போனது, எது அடுத்து போனது. முதலில் போனது முன்சக்கரம். ஈரத்தில் அது பக்கவாட்டில் நழுவியதும் கைப்பிடி மடங்கி ஆள் தரையில். பின்சக்கரம் அதற்கு முன்பே எத்தனையோ தடவை நழுவியிருக்கிறது. பின்சக்கரம் நழுவினால் இடுப்பு ஒரு பக்கம் போகும், திரும்பி வரும், காலை ஊன்றலாம். முன்சக்கரம் நழுவினால் யோசிக்க நேரம் கிடையாது. அப்படியென்றால் கடித்துப் பிடிக்க வேண்டியது எங்கே. ரோட்டில் இழுக்காமல் ஓட வேண்டியது எங்கே. இதை அவர் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை, கோமதி சாரின் படத்தில் இருந்திருக்கலாம், அவர் கவனித்திருக்க மாட்டார்.

மின்விசிறி ஒரு முறை இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கம்ப்ரசர் தடதடவென்று உயிர் பெற்றது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, பழகின அதிர்வு. ஜெபராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இன்னாசிமுத்து லேஞ்சியைப் பிரித்தார். துணி விரலோடு லேசாக ஒட்டியிருந்தது, மெதுவாக இழுத்தார். கறுப்பாக ஒரு புள்ளி. அழுத்திப் பார்த்தார். புள்ளியாகவே இருந்தது.

“என்ன அண்ணாச்சி, நடுவுல உள்ளதுதான?” ஜெபராஜின் கை கொக்கிக்குப் போய்விட்டது.

“பின்னாடிக்கு அது. முன்னாடிக்குப் பட்டன் டயர்.”

ஜெபராஜ் கையை எடுத்துவிட்டான். இப்படிச் சிலர் போடுவது உண்டு, அவனுக்கும் தெரியும். ஆனால் அண்ணாச்சி கடைக்கு வந்து இது வேண்டும் என்று சொல்லி அவன் கேட்டதில்லை, எப்போதும் நீயே பாத்துப் போடுப்பா என்பார். தலையைச் சொறிந்தான். “ரெண்டு ஜோடியயும் பிரிக்கச் சொல்லுதீங்க. மிச்சம் ஒண்ணும் ஒண்ணுமா நிக்குமே, அத நான் யார் தலையில கட்ட?”

“கோமதி சார் தலையில கட்டு. முன்னாடிக்கு அது, பின்னாடிக்குப் பட்டன் போட்டா மேட்டுல பறக்கலாம்னு சொல்லு.”

ஜெபராஜ் கடை அதிரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே டயரை விளிம்பில் ஏற்றினான், பாலை ஊற்றினான், காற்றுக் குழாயை வால்வில் வைத்து, காதைப் பொத்திக்கோங்க என்றான். டப் என்று ஒரு பக்கம் போய் உட்கார்ந்தது. டப் என்று மறுபக்கம். இன்னாசிமுத்து பொத்திக்கொள்ளவில்லை, அந்தச் சத்தம் அவருக்கு முழுதாகக் கேட்டது. ஜெபராஜ் சக்கரத்தைப் படுக்கவைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தான், கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருங்க, ஓரத்துல நுரை வரும், அதுவா அடங்கிரும். ஒரு கையில் அச்சைப் பிடித்துச் சக்கரத்தை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். கையில் வேலையாக இருந்தேன் என்றார். டயர் வாங்கிட்டீங்களா என்று கேட்டாள்.

“வாங்கிட்டேம்மா. முன்னால பட்டன் டயர். ஞாயித்துக்கெழம தேரிக்குப் போறேன்.” அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லி முடித்துவிட நினைத்தார். “நீ தார் ரோடுன்னதும் சரின்னு சொல்லிட்டேன். அது பழக்கத்துல சொன்னது. இது நான் சொல்லுதது.”

மறுமுனையில், வங்கியில் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது மட்டும் தூரத்தில் கேட்டது. அவர் அந்த அமைதியில் எதையும் போட்டு அடைக்கவில்லை. கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது, சின்னச் சின்னக் குமிழ்களாக, அதைக் கீழே வரும்படி திருப்பி வைத்தார், பால் அங்கே போய்ச் சேரட்டும் என்று. குமிழ் ஒன்று உடைந்தது. இன்னொன்று மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

“அப்பா,” என்றாள் பிரின்சி. “இருக்கீங்களா?”

“இருக்கேன்.”